11 மாத ஒப்பந்தமும் அட்வான்ஸ் பணமும்

நம் குடியிருப்பில் வாடகைக்கு இருப்பவர்களும் உண்டு, வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களும் உண்டு. யாராக இருந்தாலும், பீரோவில் இருக்கும் ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் 11 மாதம் என்றுதான் இருக்கும். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தால் வந்த பழக்கம் இது. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்க ஒரு மாதத்தைக் குறைத்துக்கொண்டோம்.

வாடகைக் கட்டுப்பாடு பிறகு வந்தது. இரண்டாம் உலகப் போர்க்கால வீட்டு நெருக்கடியில் தொடங்கி, 1946, 1949 சட்டங்களைக் கடந்து 1960-இல் முழுச் சட்டமானது. சேலத்திலிருந்து பிரிந்து 1965-இல் தருமபுரி தனி மாவட்டமானபோது நடைமுறையில் இருந்தது அதுதான். நகராட்சிகளில் வீடு காலியானால், சொற்ப வாடகை வீடுகள் தவிர, 7 நாளுக்குள் அதிகாரிக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். அதை அரசே தன் ஊழியருக்கு ஒதுக்கலாம். இன்று சொன்னால் யார் நம்புவார்கள்! அட்வான்ஸும் ஒரு மாத வாடகைக்கு மேல் கூடாது.

ஆனால் மாதம் 400 ரூபாய்க்கு மேல் வாடகை உள்ள வீடுகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. கடைகளுக்கோ அப்படி ஒரு வரம்பே இல்லை. விலைவாசி ஏற ஏற 400 என்பது சாதாரண வாடகையாகிவிட, 1986-இல் ரத்தன் ஆர்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது. வீட்டுக்காரர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. வாடகையை உயர்த்தவோ காலி செய்யச் சொல்லவோ வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருந்தது.

2017-இல் இயற்றிய புதிய சட்டம் 22.2.2019 அன்று அமலுக்கு வந்து பழையதை நீக்கியது. வாடகையை இரு தரப்பும் பேசி முடிவு செய்யலாம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை மாதமானாலும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஆகவே 11 மாதக் கணக்கு இங்கே உதவாது. வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் 3 மாத வாடகைதான். காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி போக மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

சண்டை வருவது அந்தப் 'பாக்கி'யில்தான். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு, ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும் உரிமையாளர் செலவு. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கடை அடைப்பு வாடகைதாரர் செலவு. சட்டத்தின் இரண்டாம் அட்டவணையிலேயே இது இருக்கிறது. சாவியை ஒப்படைக்கும் அன்று இரு தரப்பும் அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.