சர்க்கரையும் முதுமையும்

1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயது லியோனார்டு தாம்சனுக்கு இன்சுலின் ஊசி போட்டார்கள். அதுவரை அவனைப் போன்ற பிள்ளைகளுக்குச் சர்க்கரை நோய் என்றால் மயக்கம், பிறகு மரணம். ஊசி வந்தபின் நோயாளிகள் முதுமையை எட்டினார்கள். கூடவே கண், சிறுநீரகம், பாதம் என வரிசையாகத் தொல்லைகள் தலைகாட்டின.

விழித்திரைக் கோளாறைக் கண் மருத்துவர் யேகர் 1850களிலேயே கண்டிருந்தார். சிறுநீரகப் பாதிப்பை மருத்துவர்கள் கிம்மெல்ஸ்டீலும் வில்சனும் விவரித்தது 1936இல்தான்.

பாதத்தின் கதை இன்னும் கொடுமை. சர்க்கரையால் நரம்பு மரத்துவிட்டால் செருப்புக்குள் கிடக்கும் சிறு கல்கூட உறுத்தாது. வலி இல்லையே என்று பெரியவர் நடந்துகொண்டிருப்பார். வீட்டார் பார்க்கும்போது புண் ஆழமாகியிருக்கும். ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் அது ஆறவும் மறுக்கும்.

பாஸ்டன் மருத்துவர் எலியட் ஜோஸ்லினுக்குச் சர்க்கரை நோய் வீட்டு விஷயமும்கூட: அவருடைய பதிவேட்டில் எட்டாவது நோயாளி அவர் அம்மா. கால் அழுகல் தலைவிதி அல்ல, தடுக்கக்கூடியது என்று 1934இல் அடித்து எழுதினார். நோயாளிகளுக்குப் பாடம் நடத்துவதையும் சிகிச்சையாகவே கருதியவர். இதுதான் அவருடைய பெரிய பங்களிப்பு என்றுகூடச் சொல்லலாம்.

சென்னையில் டாக்டர் எம். விஸ்வநாதன் 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்கெனத் தனிப்பிரிவு தொடங்கினார். பின்னர் ராயபுரத்தில் அவர் நிறுவிய மருத்துவமனை, பாதப் பராமரிப்புக்கும் பேர்போனது.