டிரான்ஸ்பாண்டர்

2014 மார்ச் 8-இல் எம்.எச். 370 விமானம் மறைந்ததுமுதல் மலேசியத் தமிழர் நாவில் ஏறிவிட்ட 'டிரான்ஸ்பாண்டர்' என்னும் பதத்தை, பறக்கப் பயிலும் மாணவரின் விமானத்தைத் தரையிலிருந்து கண்காணிக்கும் அலைவாங்கிக்கும் சேர்த்தே வழங்குவதைச் சாலாக் செலாத்தானில் அண்மையில் கேட்டேன். வாங்கியோ கேட்பதோடு நிற்பது, டிரான்ஸ்பாண்டரோ விமானத்தில் இருந்துகொண்டு ரேடார் வினவ விடை பகர்வது. அனுப்புதலையும் மறுமொழிதலையும் குறிக்கும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் சந்தியில் பிறந்த அப்பதத்தின் பின்பாதி, வாக்குறுதி அளித்தலைக் குறித்த 'ஸ்பாண்டேரே' என்ற லத்தீன் தாதுவினின்று வந்தது; 'ஸ்பான்சர்' அதன் உடன்பிறப்பு. இரண்டாம் உலக யுத்தத்தில் நண்பனையும் பகைவனையும் பிரித்தறிய உதவிய இதன் முன்னோடிக்குக் 'கிளி' என்று சங்கேதப் பெயர் இருந்தமையால், தமக்குரிய நான்கிலக்கக் குறியீட்டை விமானிகள் இன்றும் 'ஸ்குவாக்', அதாவது கிளியின் கத்தல், என்கின்றனர். தமிழில் 'செலுத்துவாங்கி' எனின், அலை போய்வருவது விளங்குமேயன்றி வினவியதற்கு உரைக்கும் கடமை விளங்காது. வரி செலுத்துதலையும் விடை கூறுதலையும் ஒருங்கே குறித்த 'இறுத்தல்' என்னும் நம் பழஞ்சொல், அந்த லத்தீன் தாதுவைப் போலவே கடப்பாட்டின் சாயலுடையதாதலின், 'விடையிறுப்பி' என்பதே எனக்கு உவப்பானது. நவீன உபகரணம் எவரும் வினவாமலே தன் இருப்பிடத்தை இடையறாது அறிவிக்கிறதே, அதைத்தானே விமானப் பயிற்சிப் பள்ளியின் வாங்கியும் செவிமடுக்கிறது என்று ஆட்சேபிப்பார் உளர். எள்ளின் நெய்யாய்ப் பிறந்த 'எண்ணெய்' தேங்காய்க்கும் கடலைக்கும் பொதுவானதுபோல, விடையிறுப்பியின் அர்த்தமும் தாராளமாக விரியலாம்.