பெருமாள் வீட்டு ரொட்டி

மனைவிக்குப் பிடித்ததைச் சமைத்து, இருவருமாய்த் தனித்து உண்ண ஆசைப்படும் கணவர்கள் ஒரு நடை ஸ்ரீரங்கம் போய் வரலாம். அக்கார அடிசிலுக்குக் குறைவில்லாத அரங்கநாதர், அங்கே காலையில் கோதுமை ரொட்டியும் வெண்ணெயும் அமுது செய்கிறார். எல்லாம் துலுக்க நாச்சியாருக்காக!

டில்லிக்குப் போன விக்கிரகத்தின்மேல் சுல்தான் மகள் காதல் கொண்டாள். அரங்கத்தார் அதை மீட்டபோது பின்தொடர்ந்து வந்து உயிர் நீத்தாள் என்கிறது 'கோயில் ஒழுகு'. சரித்திரப் பேராசிரியர்கள் கட்டுக்கதை என்று தள்ளட்டும். 1323-ல் டில்லிப் படை அரங்கத்தைச் சூறையாடியதும், ஊரைவிட்டுச் சென்ற உற்சவர் 1371-ல் திரும்பியதும் மெய். அவ்வளவு அடிபட்ட ஊர், பகைவன் மகளை மருமகளாக்கிச் சந்நிதியும் கொடுத்ததே, அதுவல்லவா அதிசயம்! அச்சந்நிதியில் சிலை இல்லை, சித்திரந்தான். அவளுக்காகப் பெருமாள் கைலியும் உடுத்துகிறார். தாயார் என்ன சொன்னார் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.