புனிதப் பயணமும் சுங்கச் சாவடியும்

பக்தி மிகுந்தோர் கண்ணை மூடிக்கொண்டே நடத்தல் வேண்டும் என்று எண்ணுவோர் உளர். கண் திறந்தால் பக்தி கரைந்துவிடுமோ என்ற அச்சம் அவர்கட்கு! எண்ணூறு ஆண்டுகட்கு முன்னரே, பக்தியுடன் புறப்பட்டு, கண்டதைக் கண்டபடி எழுதிய ஒருவரை வரலாறு நமக்குக் காட்டுகிறது. அவர்தாம் இப்னு ஜுபைர். ஸ்பெயின் நாட்டு வலென்சியாவிற் பிறந்தவர். கிரானடா ஆளுநரிடம் எழுத்தராயிருந்தவர்.

1183-இல் ஹஜ் கடமைக்காகக் கிளம்பினார். 1185-இல் வீடு திரும்பினார். அவர்தம் பயணநூல் மக்காவின் மாண்பை உருகி உருகி உரைக்கிறது. அந்த எழுதுகோலே, வழியெங்கும் நடந்த வழிப்பறியையும் வரைகிறது!

அலெக்சாண்டிரியாவில் இறங்கியதும் சுங்கக்காரர் மூட்டை முடிச்சுகளைக் கலைத்தனர். இடுப்புக் கச்சைக்குள்ளும் கைவிட்டுத் துழாவினர். ஒளித்தது ஏதுமில்லையெனச் சத்தியமும் வாங்கினர். செங்கடற் கரையின் அய்தாபிலோ, கூட்டில் கோழிகளை அடைப்பதுபோல் பயணிகளைத் தோணியில் திணித்தனர். ஆணியின்றித் தென்னை நார்க் கயிற்றால் தைத்த தோணிகள் அவை. ஒரே பயணத்தில் தோணியின் விலையை ஈட்டிவிட வேண்டும்; பிறகு கடல் அதை என்ன செய்தாலென்ன? இதுவே உடைமையாளர் கணக்கு! முன்னர்த் தலைக்கு ஏழரை தினார் வரியும் இருந்தது, கொடுக்கவியலாதார் வதைக்கப்பட்டனர். மன்னர் சலாஹுத்தீன் மக்காவின் அமீருக்கு ஈடு தந்து அக்கொடுமையை ஒழித்தார். ஈடு வரத் தாமதித்தாலோ, பயணிகட்கு மீண்டும் தொல்லை!

பறித்தவர் யார்? பறிகொடுத்தவர் யார்? இருவரும் ஒரே திசை நோக்கித் தொழுதவரே!

1184-இல் திப்னீனிலிருந்து அக்கா செல்லும் வழியில், பிராங்கியர் ஆட்சியில் வாழ்ந்த முஸ்லிம் உழவரைக் கண்டார். விளைச்சலிற் பாதியும், தலைக்கு ஒரு தினார் ஐந்து கீராத்தும் அவர்கள் செலுத்தினர். வீடும் உடைமையும் அவர்களிடமே இருந்தன. முஸ்லிம் ஆண்டைகளின்கீழ் வாழ்ந்த உழவர் நிலை இதனினும் தாழ்ந்தது என்று மனம் நொந்து எழுதினார். அவர் பிராங்கியரின் நண்பரல்லர். அம்மண்ணில் விலங்கு பூண்ட முஸ்லிம் கைதிகளுக்காகக் கண்ணீர் வடித்தவர். எனினும், கண்ட உண்மையை மறைக்கவில்லை.

பாதி விளைச்சலைப் பறிப்பதும் நீதியோ? அன்று! அதுவே நிம்மதி எனத் தோன்றுமளவுக்கு மற்ற இடத்துச் சுமை அழுத்திற்று. ஆள்வோன் எந்த மதத்தவன் என்ற கேள்வி, உழவனின் களஞ்சியத்தை நிரப்பவில்லை.

தோழர்களே! நம்மவர் என்பதால் குற்றத்தை மறைப்பதும், மாற்றார் என்பதால் நன்மையை மறுப்பதும் பகுத்தறிவாகா. தன் மார்க்கத்தை உயிரெனப் போற்றிய ஒருவர் அந்நேர்மையைக் காத்தார். பகுத்தறிவாளர் எனப் பெயர் சூடிய நாம், அதற்குக் குறைந்து நிற்கலாமோ?