சென்னை புல்ஸ் வேறு, தமிழ்நாடு அணி வேறு: ரக்பியில் மாநிலச் சங்கம் எதற்கு?

அல்சூரில் தங்கி வேலை பார்க்கும் தமிழரா நீங்கள்? 2025 ஜூனில் ரக்பி பிரீமியர் லீக் நடந்தபோது பெங்களூரு பிரேவ்ஹார்ட்ஸா, சென்னை புல்ஸா என்று கொஞ்சம் தடுமாறியிருப்பீங்க. கோப்பை சென்னைக்குத்தான் போனது. ஆனால் இரண்டுமே மாநில அணிகள் கிடையாது.

அப்போ அவை என்ன?

ஃபிராஞ்சைஸ் அணிகள். மொத்தம் ஆறு. வெளிநாட்டு வீரர்களோடு இந்திய வீரர்களையும் சேர்த்து, எல்லா ஆட்டங்களும் மும்பை அந்தேரியில் நடந்தன. இரண்டே வாரத்தில் தொடர் முடிந்துவிட்டது.

மாநில அணி யாருடையது?

உலக அளவில் வேர்ல்ட் ரக்பி, ஆசியாவுக்கு ஏசியா ரக்பி, நாட்டுக்கு ரக்பி இந்தியா, அதற்குக் கீழே மாநிலச் சங்கங்கள். வீரர்களைத் தேர்ந்தெடுத்து, மாநில ஜெர்சியோடு தேசியப் போட்டிக்கு அனுப்புவது மாநிலச் சங்கம்தான்.

எல்லா நாட்டிலும் இப்படித்தானா?

இல்லை. அயர்லாந்தில் அல்ஸ்டர் மாகாணக் கிளை பள்ளி, கிளப் ரக்பியையும் கவனிக்கிறது. தொழில்முறை அணியும் அதனுடையதே. அந்த அணி 1999இல் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. அங்கே ஒன்றாக இருப்பது இங்கே இரண்டாகப் பிரிந்திருக்கிறது.

இதில் நமக்கென்ன?

வேலை இருக்கு! மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியல் 2020இல் 43 விளையாட்டுகளிலிருந்து 63 ஆனது. ரக்பி உள்ளே வந்தது அப்போதுதான். நாட்டுக்காகவோ, தேசியப் போட்டியில் மாநிலத்துக்காகவோ ஆடியவர்கள் குரூப் சி பணிக்கு இந்த வழியில் விண்ணப்பிக்கலாம். பல்கலைக்கழக, பள்ளி அணிகளுக்கும் தனி வழி உண்டு. ஃபிராஞ்சைஸ் அணிக்கு இந்த விதியில் இடமில்லை.

முன்னுரிமை யாருக்கு?

முதலில் சர்வதேச வீரர்கள். அடுத்து, தேசியப் போட்டியில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தவர்கள். மாநிலத்துக்காக ஆடியதற்கான சான்றிதழில் கையெழுத்துப் போடுபவர் மாநிலச் சங்கத்தின் செயலாளர்.

உங்கள் வீட்டில் ரக்பி ஆடும் தம்பியோ தங்கையோ இருந்தால், லீக் வீடியோ அனுப்புவதோடு நிறுத்தாதீங்க. மாநில அணித் தேர்வு எப்போது என்று விசாரிக்கச் சொல்லுங்க. ஆடி முடித்ததும் அந்தச் சான்றிதழை மறக்காமல் வாங்கி வைக்கச் சொல்லுங்க.