வெட்டுக் காரணி

வெட்டுக் காரணி என்பது, எண்ணிம ஒளிப்படக்கருவியின் பட உணரி 35 மி.மீ. படச்சுருளின் சட்டகத்தைவிட எத்தனை மடங்கு சிறியது என்பதைக் குறிக்கும் எண் ஆகும். பேச்சுவழக்கில் இது 'கிராப் ஃபேக்டர்' எனப்படுகிறது. சட்டகத்தின் மூலைவிட்டமான 43.3 மி.மீ.யை உணரியின் மூலைவிட்டத்தால் வகுத்தால் இவ்வெண் கிடைக்கும். ஒரே வில்லை வெவ்வேறு கருவிகளில் வெவ்வேறு காட்சிக் கோணம் தருவதை ஒப்பிட இது பயன்படுகிறது.

பின்னணி

36 × 24 மி.மீ. என்ற அளவு திரைப்படச் சுருளில் இருந்து வந்தது. செருமனியின் ஆஸ்கர் பர்னாக் 1913 அளவில் உருவாக்கிய சிறு கருவியில், திரைப்படச் சட்டகத்தைப் போல் இருமடங்கு பரப்பு பயன்பட்டது. அதன் வழிவந்த லைக்கா 1925இல் விற்பனைக்கு வந்தபின் இவ்வளவு பரவலானது. இதே பரப்பில் சிலிக்கான் உணரி செய்வது மிகுந்த செலவு பிடித்தது. ஒரு சில்லுத்தகட்டில் சிலவே கிடைக்கும். சில்லு பெரிதானால் அதில் குறை நேரும் வாய்ப்பும் கூடும். ஆகவே 1999இல் வந்த நிக்கான் டி1 ஏறத்தாழ 1.5 காரணியும், 2003இல் வந்த கேனான் 300டி 1.6 காரணியும் கொண்டிருந்தன. முழுச்சட்டக உணரி கொண்ட கேனான் 1டிஎஸ் 2002இல் வெளிவந்தது; அதன் விலை பெரும்பாலோருக்கு எட்டாதது.

குவியத் தூரம் மாறுவதில்லை

'300 மி.மீ. வில்லை 1.5 காரணிக் கருவியில் 450 மி.மீ. ஆகிவிடும்' என்று விற்பனையாளர்கள் கூறுவதுண்டு. இது தவறு. குவியத் தூரம் வில்லையின் பண்பு. பின்னால் எந்த உணரி இருந்தாலும் அது மாறாது.

பூந்தமல்லிக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரியில், 100 மீட்டர் தொலைவில் 1.4 மீட்டர் நீளமுள்ள கூழைக்கடா ஒன்று மிதப்பதாகக் கொள்வோம். 300 மி.மீ. வில்லை உருவாக்கும் அதன் பிம்பத்தின் நீளம், 1400 × 300 ÷ 1,00,000 = 4.2 மி.மீ. எந்தக் கருவியிலும் இதே 4.2 மி.மீ.தான். முழுச்சட்டக உணரியின் அகலத்தில் இது சுமார் 12 விழுக்காட்டையும், 23.5 மி.மீ. அகல உணரியில் சுமார் 18 விழுக்காட்டையும் நிரப்பும். பறவை பெரிதாகவில்லை, அதைச் சுற்றியிருந்த தண்ணீர் வெட்டப்பட்டது.

அப்படியெனில் சிறிய உணரியால் பறவை ஒளிப்படக்காரருக்கு ஆதாயமே இல்லையா? அதற்கு விடை படப்புள்ளியின் அளவில் உள்ளது. 2016இல் வந்த நிக்கான் டி500இல் ஒரு படப்புள்ளி 4.22 மைக்ரோமீட்டர், 2017இல் வந்த முழுச்சட்டக டி850இல் 4.35 மைக்ரோமீட்டர். மேற்கண்ட கூழைக்கடாவின் நீளம் முதலாவதில் சுமார் 995 படப்புள்ளிகளாகவும், இரண்டாவதில் சுமார் 965 ஆகவும் பதிவாகும். வேறுபாடு புறக்கணிக்கத் தக்கது. டி500 வாங்கியவருக்கு உண்மையில் மிஞ்சியது பணம்தான். அதுவும் சிறிய ஆதாயமன்று.

அகலக்கோணத்தில் இழப்பு

குறுகிய இடத்தில் நின்று பெரிய கட்டடம் ஒன்றை எடுக்கும்போது நிலைமை தலைகீழாகும். திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயில் போன்ற இடங்களில் கோபுரம் சட்டகத்தில் அடங்கும்வரை பின்னால் நகர்ந்துகொண்டே இருக்க முடியாது. 24 மி.மீ. வில்லையின் கிடைக்கோணம் முழுச்சட்டகத்தில் ஏறத்தாழ 74 பாகை; 1.5 காரணி உணரியில் 52 பாகை மட்டுமே. பழைய கோணத்தைப் பெற 16 மி.மீ. வில்லை வேண்டும். இரு படங்களும் ஒரே இடத்தில் நின்று எடுக்கப்பட்டால், அவற்றின் தொலைவுத் தோற்றம் ஒன்றாகவே இருக்கும். அதைத் தீர்மானிப்பது நிற்கும் இடமே.

துளை எண்

துளை எண் 2.8 என்பது ஒளிபடு நேரத்தைப் பொறுத்தவரை எல்லா உணரிக்கும் ஒன்றே. ஆனால் ஒரே காட்சிக் கோணத்தில் ஒப்பிட்டால், பின்புலம் மங்கும் அளவுக்குத் துளை எண்ணையும் காரணியால் பெருக்க வேண்டும். 1.5 காரணிக் கருவியில் 50 மி.மீ., 1.8 என்பது, முழுச்சட்டகத்தில் 75 மி.மீ., 2.7 தரும் மங்கலுக்கு ஒப்பானது.

கைபேசிகளில்

கைபேசி விளம்பரங்களில் காணும் '26 மி.மீ.' போன்ற எண்கள் பெரும்பாலும் 35 மி.மீ. சமான அளவுகளே. எடுத்துக்காட்டாக, ஐபோன் 6இன் வில்லையின் உண்மைக் குவியத் தூரம் 4.15 மி.மீ.; சமான அளவு 29 மி.மீ., அதாவது காரணி ஏறத்தாழ 7. படக்கோப்பின் எக்சிஃப் தரவில் இரு எண்களும் தனித்தனியே பதியப்படுவதால், வாசகர் தம் கைபேசியின் காரணியைத் தாமே வகுத்து அறியலாம். உணரியின் அளவை '1/2.3 அங்குலம்' எனக் குறிப்பது பழைய தொலைக்காட்சிப் படப்பிடிப்புக் கருவிக் குழாயின் வெளிவிட்டத்தைச் சார்ந்த வழக்கம். அத்தகைய உணரியின் உண்மை மூலைவிட்டம் 7.7 மி.மீ. மட்டுமே.