ஓட்டு இல்லாதவங்களுக்காக அரசிடம் பேசுவது யார்? இலங்கைத் தமிழர் முகாம்களின் 40 ஆண்டு கோரிக்கை

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் என்றாலே குடவோலைக் கல்வெட்டுதான் நினைவுக்கு வரும். 10ஆம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் பொறிக்கப்பட்டது. ஊர்ச் சபைத் தேர்வுக்கு ஓலையில் ஒருவர் பெயர் எழுதணும்னா, அவருக்கு வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் இருக்கணும் என்கிறது அது.

இன்று ஓட்டுப் போட நிலம் வேண்டாம், குடியுரிமை வேணும். அது இல்லாமல்தான் நிற்கிறார்கள், 1983 முதல் அடைக்கலம் தேடி வந்த இலங்கைத் தமிழர்களில் பெரும்பாலானோர். 2021ல் தமிழக அரசு சொன்ன கணக்குப்படி, 108 முகாம்களில் மட்டும் 58,822 பேர்.

இவங்க குரலை கோட்டைக்குக் கொண்டு போவது யார்?

தொண்டு நிறுவனங்கள்தான். முக்கியமானது, 1984ல் சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம். இவர் தந்தை செல்வாவின் மகன். முகாம் மக்களே இதில் பணியாளர்கள். கல்வி, மருத்துவ உதவியோடு, குறைகளை அரசிடம் கோரிக்கையாக வைப்பதும் இவங்க வேலை.

என்ன கிடைத்தது?

2021 ஆகஸ்ட்டில் முதல்வர் ஸ்டாலின் ரூ.317.40 கோடி திட்டங்களை அறிவித்தார். 7,469 வீடுகள் புதிதாகக் கட்டப்படும் என்றார். குடும்பத் தலைவருக்கான மாத உதவி ரூ.1,000லிருந்து ரூ.1,500 ஆனது. 'அகதிகள் முகாம்' என்ற பெயரும் 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியது.

குடியுரிமை மட்டும் ஏன் கிடைக்கலை?

அது மத்திய அரசின் அதிகாரம். உரிய ஆவணம் இல்லாமல் வந்தவர் சட்டப்படி 'சட்டவிரோதக் குடியேறி'. பதிவு மூலம் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முடியாது. பெற்றோர் இருவரும் இந்தியர் இல்லை என்றால், 1987 ஜூலை 1 முதல் இங்கேயே பிறந்த பிள்ளைக்கும் குடியுரிமை இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இடம்பெறவில்லை.

2025ல் என்ன மாறியது?

2015 ஜனவரி 9ஆம் தேதி வரை வந்து, அரசிடம் பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து மத்திய அரசு 2025 செப்டம்பரில் விலக்கு அளித்தது. இது குடியுரிமை இல்லை. ஆனால் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற முத்திரையையும் நீக்குங்கள் என்று கேட்க, அமைப்புகளுக்கு இது ஒரு பிடிமானம்.

வீடு, உதவித்தொகை எல்லாம் சென்னை தர முடிந்தவை. ஓட்டுரிமைக்கான கதவு டெல்லியில் இருக்கு.